பொடிசின் நம்பர்

என் தம்பிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்செட் என்றால்தான் தெரியும். வாயைத் திறந்தால் மூடமாட்டான். மூடியிருக்கிறான் என்றால் அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறான் என்று அர்த்தம். அந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறான். சின்ன இத்தாலிக் கார் விற்கும் ஷோரூமில் சேல்ஸ் வேலை. நான் பஸ் டிரைவர். அதனால் எனக்கு வாய் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் வாய் ஹாரன் மாதிரி. தேவைப்பட்டால்தான் அடிப்பேன், அடித்தால் தெருவே ஒதுங்கும்.

அவன் விற்பது புதுசு. நான் வைத்திருந்தது அதே காரின் முதல் தலைமுறை. அதை நான் பார்த்தபோது யாரோ ஒருவர் அதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார். கோழிகளை விரட்டிவிட்டு வாங்கி வந்தேன். இன்ஜின் பின்னால் இருக்கும். முன் மூடியைத் தூக்கினால் பெட்ரோல் டேங்க்கும் ஸ்டெப்னியும். கதவுகள் பின்பக்கக் கீலில் தொங்கி, எல்லாக் காருக்கும் எதிர்மாறாகத் திறக்கும். கூரை வெறும் துணி. என் பஸ்ஸின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பொடிசு என்று பேர் வைத்தேன்.

லீவு நாள் பூராவும் பொடிசுக்குத்தான். "என் முகத்தை ஒரு நாளாவது இப்படித் துடைச்சிருப்பியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கேட்டுவிட்டு அவரே டீ போட்டுக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போவார். சீட்டை நானே தைத்தேன். பிரேக் டிரம்மை நானே கழற்றி மாட்டினேன். இன்ஜினை மட்டும் டிப்போ மெக்கானிக் வந்து பார்த்துக் கொடுத்தார்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் நிறைய. சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். இத்தனை வருஷமும் அடுத்தவன் போட்ட ரூட்டிலேயே வண்டி ஓட்டியிருக்கிறேன். இடது பக்கம் ஒரு தெரு அழகாக வளைந்து போகும். அது எங்கே போகிறது என்று தினமும் நினைப்பேன், நேராகப் போய்விடுவேன். பின்னால் யாரும் பெல் அடிக்காமல், என் கையால் சரிசெய்த வண்டியில், தோன்றிய தெருவில் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்குப் பொடிசு ரோட்டுக்கு வர வேண்டும்.

பழைய காரை ரோட்டுக்குக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. ஓடினால் மட்டும் போதாது. முன் மூடிக்குக் கீழே உடம்புத் தகட்டில் அடித்திருக்கும் நம்பரும், பக்கத்தில் ரிவெட் வைத்துப் பதித்திருக்கும் சின்னப் பட்டையில் இருக்கும் நம்பரும், பேப்பரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நம்பர்தான் காருக்கு உயிர். அது இல்லாவிட்டால் எவ்வளவு பளபளத்தாலும் அது தகர டப்பா. பரிசோதனை அதிகாரி ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

பொடிசின் பட்டை ஒரு மூலையில் ரிவெட் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன ரிவெட் எங்கேயும் கிடைக்கவில்லை. நான் பொறுமைசாலி இல்லை. பஸ் பாடியில் அடிக்கும் பெரிய தலை ரிவெட் ஒன்றை டிப்போவிலிருந்து கொண்டுவந்து அடித்துவிட்டேன். மைக்செட் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஐயோ அக்கா! கல்யாணப் பொண்ணுக்கு மூக்குத்தி போடச் சொன்னா பஸ் ஹெட்லைட்டை மாட்டி விட்டிருக்கியே!"

"கழண்டு விழாது இல்ல? வாயை மூடு."

அவன்தான் பேப்பர் வேலையெல்லாம் பார்த்தான். "எல்லாம் என் பேர்ல இருக்கட்டும்க்கா. ஷோரூம் ஆளுன்னா ஆபீஸ்ல சட்டுனு முடிச்சுக் குடுப்பாங்க. அப்புறம் உன் பேருக்கு மாத்திக்கலாம்" என்றான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தம்பிதானே. அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவனுக்குத் தலை துவட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பிறகு என் பள்ளிக்கு ஓடியவள் நான். எதற்குச் சண்டை வந்தாலும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "நீ பெரியவ, விட்டுக்குடு." பென்சில் பெட்டியை விட்டுக்கொடுத்தேன், ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தேன். ஆனால் அவனை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. வாத்தியார் கேட்டாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரன் கேட்டாலும் சரி, கல்லெறிந்தது என் தம்பி இல்லை என்று சாதித்திருக்கிறேன்.

முன்பக்கம் துரு ஏறிவிட்டது என்று அவனே பொடிசை டிங்கரிங் கடைக்கு அனுப்பினான். திரும்பி வந்தபோது முன்பக்கம் புது பிரைமர் பூசி மொழுமொழு என்று இருந்தது. பட்டையைக் காணோம்.

"தகடு முழுக்க அரிச்சுப்போச்சுக்கா, வெட்டிட்டுப் புதுசு வச்சிருக்காங்க. பட்டை பாலிஷுக்குப் போயிருக்கு. நம்பர் அடிச்ச துண்டு பத்திரமா இருக்கு, கடைசியில பத்த வச்சுக்கலாம்."

நான் தலையாட்டினேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அப்போதுதான் அவன் ஷோரூமில் லிமிடெட் எடிஷன் வந்தது. அதே சின்னக் கார்தான். வேறு எதிலும் வராத ஒரு பச்சை, வேறு எதிலும் வராத சீட் துணி, டேஷ்போர்டில் 'இத்தனையில் இது இத்தனையாவது' என்று நம்பர் பொறித்த ஒரு சின்ன வில்லை. ஆசைப்பட்டவனுக்கெல்லாம் கிடைக்காது. மைக்செட் மாதக்கணக்காக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். "கார் எல்லாரும்தான் விக்கறாங்கக்கா, நான் கதை விக்கறேன். கதை இல்லாத வண்டியை எவன் திரும்பிப் பாக்கறான்?" என்பான். அவன் கதையில் அவனே மயங்கிவிட்டான். ஒன்று தனக்கே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

வாங்கியும் விட்டான். எனக்குச் சொன்னது அவனில்லை, அவன் பெண்டாட்டி. "அண்ணி, இன்னிக்கு அவருக்குச் சாவி குடுக்கறாங்க. ஷோரூம்ல பெரிய விழாவாம். உங்களுக்குச் சொல்லலையா?" என்று போனில் கேட்டாள்.

உடனே அவனைக் கூப்பிட்டேன். "ஐயோ, ஒரே கூட்டம்க்கா, பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. உனக்குச் சரிப்படாது. சாயங்காலம் வண்டியோட நானே வீட்டுக்கு வர்றேன்" என்றான். வரவேண்டாம் என்றால் போகாமல் இருப்பதற்கு நான் என்ன விருந்தாளியா? ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, யூனிபார்மோடு கிளம்பிவிட்டேன். அவன் புதுக் கிளைக்கு மாறிய பிறகு நான் அந்த ஷோரூமுக்குப் போனதேயில்லை.

உள்ளே போகும்போது அவன் மேடையில் நின்றுகொண்டிருந்தான். கையில் நிஜமாகவே மைக். பளபள சட்டை. நடுவில் அந்தப் பச்சைக் கார் ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு சின்னக் காரைப் பற்றி அவன் பேசப் பேச, கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது.  என் பிள்ளை மாதிரி வளர்ந்தவன் அல்லவா? எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினேன். பக்கத்தில் நின்றவர் காதைத் தடவிக்கொண்டார்.

புதுசுக்குப் பெருமை சேர்க்கப் பழசையும் வெளியே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே போனேன். வெண்ணெய் நிறத்தில் ஒன்று, பொடிசின் அச்சு. எதிர்மாறாகத் திறக்கும் அதே கதவு. அதன் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். குட்டை உருவம், கண்ணெல்லாம் சிரிப்பு. நான் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பதைப் பார்த்ததும் அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"வாங்கம்மா, உள்ளே பாருங்க. முன்னாடியும் பாருங்க" என்று மூடியைத் தூக்கிக் காட்டினார்.

டேங்க், ஸ்டெப்னி, நம்பர் பட்டை. பட்டையின் மூன்று மூலையில் சின்ன ரிவெட். நாலாவது மூலையில் பஸ் பாடி ரிவெட்.

 கையை நீட்டித் தடவிப் பார்த்தேன். தலையில் நான் அடித்த சுத்தியலின் வடுகூட அப்படியே இருந்தது. பட்டையைச் சுற்றிலும் நாலு பக்கமும் வெல்டிங் கோடு, பெயின்டுக்கு அடியில் விரலில் தட்டுப்பட்டது. நம்பரை வாய்விட்டுப் படித்தேன். மனப்பாடமான நம்பர்.

"என்னம்மா, அவ்வளவு பிடிச்சுப்போச்சா?" என்றார் டாக்டர்.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். "ஒரு நிமிஷம் இப்படி வர்றீங்களா?" என்றது மைக்செட்டின் குரல். என்னைப் பிறந்ததிலிருந்து 'வா, போ' என்று பேசுகிறவன். வர்றீங்களாவாம்! அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஷோரூமுக்குப் பின்னால் கார் கழுவும் இடத்துக்கு அழைத்துப் போனான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு ஆள் இல்லை.

"அக்கா, கத்தாதே."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லடா. அந்தாளு கார்ல என் நம்பர் எப்படி வந்துச்சு?"

"உன் காரை யாரு தொட்டா? கொட்டகையில அப்படியே நிக்குதில்ல? இன்ஜின் இருக்கு, சீட்டு இருக்கு. ஒரு சாண் தகடு, அதைத்தான் எடுத்தேன்."

"அந்தத் தகடு இல்லாம அது ரோட்டுக்கு வருமா?"

 கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தான். பிறகு எனக்குப் புரியும்படி, ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல் பதமாகச் சொன்னான்: "கார் உடைக்கற இடத்துல அந்த பாடி கிடைச்சது. நல்ல பாடி, ஆனா பேப்பர் கிடையாது. உன்கிட்ட பேப்பர் இருந்துச்சு, ஓடற வண்டி இல்லை. ரெண்டையும் சேர்த்தேன். டாக்டர் ஆசையா வாங்கிக்கிட்டாரு. அந்தக் காசுல எனக்கும் என் வண்டி கைக்கு வந்துச்சு. பேப்பர் என் பேர்லதானேக்கா இருக்கு? சட்டப்படி பாத்தா..."

"சட்டமா? என்கிட்டயா சட்டம் பேசறே?"

"சரி, நீயே சொல்லு. அது என்னிக்கு ரோட்டுக்கு வரப்போகுது? வருஷக்கணக்கா தட்டறே, தைக்கறே, துடைக்கறே. உனக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அதை நான் எடுத்துக்கிட்டேனா? இன்னும் எவ்வளவு வேணும்னாலும் துடைச்சுக்கோ."

நம்பரை விற்று நம்பர் வாங்கியிருக்கிறான். என்னுடையதைக் கொடுத்துவிட்டு, டேஷ்போர்டில் ஒட்டிய வில்லை ஒன்றைத் தனக்கு வாங்கிக்கொண்டான். அவனை அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை. திருடிவிட்டான் என்ற கோபத்தைவிட, இத்தனை நாளும் கொட்டகை வாசலில் நின்று "சூப்பர்க்கா, சூப்பர்க்கா" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கிறுக்கியாக நினைத்திருக்கிறானே என்பதுதான் என்னை அறுத்தது. வெட்கமாக இருந்தது. அவன் படவேண்டிய வெட்கத்தை நான் பட்டேன்.

"வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும். போலீஸ் வரைக்கும் போகும். அவ மாசமா இருக்கா, உனக்குத் தெரியுமில்ல?" அவன் குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியும்க்கா. நீ என்னை யார்கிட்டயும் விட்டுக்குடுக்க மாட்டே."

அதுதானே என் பலவீனம். அது தெரிந்துதானே செய்திருக்கிறான். கையை உதறிக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டேன். பொடிசு கொட்டகையிலேயே கிடக்கட்டும். கோழி வளர்த்துக்கொள்கிறேன். இவன் ஜெயிலுக்குப் போனால், பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? இனி இவன் வீட்டு வாசல் மிதிப்பதில்லை, அதோடு முடிந்தது என்று வெளியே நடந்தேன்.

வாசலில் வழியை மறித்துக்கொண்டு அந்த வெண்ணெய் நிறக் கார் நின்றது. டாக்டர் உள்ளே உட்கார்ந்து கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கறக், கறக் என்று பல் உடைகிற சத்தம். பின்னால் நாலு கார் நின்றது.

"அம்மா, நீங்க டிரைவர்தானே? கொஞ்சம் கை குடுங்களேன்" என்று என் யூனிபார்மைப் பார்த்துக் கூப்பிட்டார். "பல்லு புடுங்கறதுன்னா எனக்குப் பழக்கம். ஆனா இதுல தெரியாம புடுங்கிடுவேன் போலிருக்கு."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு ஏறினேன். இதற்கு டபுள் கிளட்ச் போட வேண்டும். கிளட்சை ஒரு முறை மிதித்து நியூட்ரல், விட்டுவிட்டு மறுபடி மிதித்து கியர். பழைய பஸ்ஸில் பழகிய கால். கார் முனகாமல் கிளம்பியது. ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்றார் டாக்டர். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றார்.

முதல் தெருவில் இடது பக்கம் திருப்பினேன். துணிக் கூரையை மடித்துவிட்டிருந்தார், காற்று தலையில் அடித்தது. ஸ்டீயரிங் விரலுக்குப் பதில் சொன்னது. என் பொடிசு இப்படித்தான் ஓடியிருக்கும். கண்ணில் நீர் முட்டியது, காற்று என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்கவில்லை.

"இந்தக் காருக்கு ஒரு கதை இருக்கு, தெரியுமா?" என்றார் டாக்டர். "நான் வாங்கினதே அந்தக் கதைக்காகத்தான்னு வச்சுக்கோங்க. ஷோரூம்ல மைக் பிடிச்சுப் பேசினாரே, அவரோட அக்காவோடது."

கால் ஆக்சிலரேட்டரில் அப்படியே நின்றது.

"டீச்சராம். பொறுமையான அம்மாவாம். லீவு நாள்ல உக்காந்து தன் கையாலேயே எல்லாத்தையும் சரி பண்ணியிருக்காங்க. சீட்டெல்லாம்கூட அவங்க தைச்சதுதான்னாரு. பாவம், முடிக்கற நேரத்துல உடம்புக்கு வந்து, ரோட்டுல ஒரு தடவைகூட ஓட்டாமலே போய்ச் சேர்ந்துட்டாங்க. சொல்லும்போது அந்தப் பையன் அழுதுட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நல்லபடியா வச்சுக்கறேன்னு அவர் கையைப் பிடிச்சுச் சொல்லித்தான் சாவியை வாங்கினேன்."

செத்ததுகூடப் பரவாயில்லை. என்னைப் போய் டீச்சராக்கியிருக்கிறான். பஸ் ஓட்டுகிறவள் செத்தால் கதைக்கு மவுசு வராது போல. நான் இங்கே வியர்க்க விறுவிறுக்கப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே உட்கார்ந்து என்னைப் படுக்க வைத்து, சாகடித்து, அழுதும் இருக்கிறான். எந்த நாளோ அது? அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து என் கையால் டீ வாங்கிக் குடித்திருப்பான்.

"கடைசியில என்ன வியாதியாம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"அதெல்லாம் நான் நோண்டிக் கேக்கலை."

"அந்த அக்காவைப் பத்தி வேற என்ன சொன்னான்?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் 'சொன்னான்' என்று ஒருமையில் கேட்டதைக் கவனித்துவிட்டார். "உங்களுக்கு அவரை நல்லாத் தெரியுமா?"

"அவர்கிட்டயே கேளுங்க" என்றேன்.

 ஷோரூம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். எங்களைப் பார்த்ததும் மைக்செட் படியிறங்கி ஓடிவந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. டாக்டர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு என் பக்கம் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை டாக்டரின் முகத்திலிருந்து படித்துக்கொண்டான். அவனுக்கு மூச்சு வந்தது.

"என்ன அருமையா ஓட்டறாங்க!" என்றார் டாக்டர். "ஆமா, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அவனைப் பார்த்தேன். அக்கா என்று சொன்னால் அவன் கதை அங்கேயே உடைந்துபோகும். அது எனக்குத் தெரியாதா? உடைந்தால் நான் ஒட்டியிருப்பேன். டீச்சர் வேறு அக்கா, நான் பெரியம்மா பெண் என்று ஏதாவது உளறியிருப்பேன். இல்லாத அக்காவுக்காக டாக்டர் முன்னால் அழுதும் இருப்பேன். சத்தியமாகச் செய்திருப்பேன். அந்த ஒரு சொல்லை அவன் சொன்னால் போதும் என்று காத்திருந்தேன்.

"சும்மா தெரிஞ்சவங்க, டாக்டர்" என்றான். "டிப்போல பஸ் ஓட்டறாங்க."

சொல்லிவிட்டு, டாக்டருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

நான் இன்ஜினை அணைத்தேன். இறங்கி, சாவியை டாக்டரின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இவனோட அக்கா வியாதியில சாகலை, டாக்டர்" என்றேன். "இப்பத்தான் செத்தா. உள்ளே வாங்க, உக்காந்து சொல்றேன்."